கான்கிரீட் சாலை ஜாயின்ட்டில் எதை நிரப்புவது: சூடான தார், பாலிசல்ஃபைடு, சிலிகான், ரப்பர் பட்டை, அல்லது ஒன்றுமே வேண்டாமா?

ஒரு தொழிற்சாலை வளாகத்துக்குள் போட்ட சாலை அது. போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு கான்கிரீட் பலகைக்கும் (ஸ்லாப்) அடுத்ததுக்கும் நடுவே வெட்டி விட்ட இடைவெளிதான் ஜாயின்ட். அதில் அடைத்திருந்த சாம்பல் நிறச் சிலிகானின் ஒரு முனையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பிடித்து இழுத்தேன். பாம்புச் சட்டை உரிவதுபோல ஒரு லேன் அகலத்துக்கும் அறுபடாமல் கையோடு வந்துவிட்டது. சிலிகானில் குறையே இல்லை. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. அதன் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தால் விரலெல்லாம் வெள்ளை மாவு. கட்டர் ஓட்டியபோது வந்த சிமென்ட் பால், அது வெட்டிய பள்ளமான குரூவின் சுவரிலேயே காய்ந்து படிந்திருக்கிறது. அதைக் கழுவாமல் மேலே சிலிகானை விட்டிருக்கிறார்கள். சிலிகான் அந்த மாவைப் பிடித்துக்கொண்டது, மாவு கான்கிரீட்டை விட்டுவிட்டது.

அந்த வேலைக்குப் பொருள் வாங்கியவர்கள் இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் வாங்கியிருந்தார்கள். அதனால் எந்த சீலன்ட் (ஜாயின்ட்டை அடைக்கும் பொருள்) நல்லது என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: குரூவை யார் சுத்தம் செய்யப் போகிறார்கள், அதை யார் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறார்கள்? பதில் தெரிந்துவிட்டால் பொருளைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி. பதில் இல்லையென்றால் நாலு மடங்கு விலை கொடுத்தாலும் கதை மேலே சொன்னதுதான்.

அடைக்காவிட்டால் என்ன ஆகும்

இரண்டு தொல்லைகள். ஒன்று தண்ணீர், இன்னொன்று மண்ணும் பொடிக்கல்லும்.

நம் நெடுஞ்சாலைகளில் மேலே இருக்கும் கான்கிரீட்டுக்கு அடியில் டி.எல்.சி. என்று சொல்லும் வறண்ட கலவை ஒரு அடுக்கு இருக்கும். இரண்டுக்கும் நடுவே பாலிதீன் ஷீட் விரித்திருப்பார்கள். ஜாயின்ட் வழியாக இறங்கும் தண்ணீர் அந்த ஷீட்டின் மேலே போய் உட்காரும். பக்கத்தில் மண் ஷோல்டர், அதாவது சாலையோரப் பட்டை, இறுகிக் கிடந்தால் வெளியே போக அதற்கு வழியே கிடையாது. அப்போது பாரமேற்றிய லாரி ஒரு ஸ்லாபிலிருந்து அடுத்ததுக்கு ஏறும்போது ஸ்லாபின் நுனி ஒரு முடி அளவு தாழ்கிறது, தண்ணீர் பிதுங்கி மேலே பீறிடுகிறது. வெறும் தண்ணீராக வராது, அடியிலிருக்கும் நைஸ் மண்ணையும் அரித்துக்கொண்டு வரும். மழை விட்ட மறுநாள் ஜாயின்ட்டை ஒட்டி ஷோல்டரில் விசிறி மாதிரி சேற்றுக் கறை தெரிந்தால் இதுதான் நடக்கிறது என்று அர்த்தம். அடியில் பொந்து விழுந்தபின் ஒரு ஸ்லாப் இறங்கி இன்னொன்று நிற்கும். வண்டியில் போனால் தடக் தடக் என்று முதுகில் இடிக்கும். ஜாயின்ட்டில் பாரத்தைக் கடத்துவதற்காக வைத்த டோவல் கம்பியும் துருப்பிடித்து இறுகி, ஸ்லாபை நகர விடாமல் பிடித்துக்கொள்ளும்.

மண்ணும் பொடிக்கல்லும் செய்வது வேறு வேலை. குளிர்ந்த நேரத்தில் ஜாயின்ட் விரிந்திருக்கும்போது உள்ளே விழுந்த கல், வெயிலில் ஸ்லாப் நீளும்போது நசுங்க இடமில்லாமல் ஆப்பு போல நிற்கும். ஓரம் உடைந்து உதிரும். நம் கிராமங்களில் சிமென்ட் ரோட்டில்தான் சோளமும் கேழ்வரகும் எள்ளும் காயப்போடுகிறோம், கதிர் அடிக்கிறோம். அடைக்காத அகல ஜாயின்ட் என்றால் ஒரே அறுவடையில் தூசியும் மண்ணும் சேர்ந்து நிறைந்துவிடும்.

எவ்வளவு அசைகிறது

பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தச் சின்னக் கணக்கை ஒவ்வொருவரும் ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். கான்கிரீட் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஒரு லட்சத்தில் ஒரு பங்கு நீளும் என்று வைத்துக்கொள்ளலாம். ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் 4.5 மீட்டர், அதாவது 4,500 மி.மீ. மார்கழி விடியற்காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் இடையே ஸ்லாபின் வெப்பம் 30 டிகிரி மாறுகிறது என்று எடுத்தால், 4,500 × 0.00001 × 30 = 1.35 மி.மீ. அடியிலிருக்கும் உராய்வு கொஞ்சம் தடுக்கும், ஆகையால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே அசையும்.

1.35 மி.மீ. என்பது சொற்பமாகத் தெரியலாம். குரூவின் அகலத்தோடு வைத்துப் பாருங்கள். 8 மி.மீ. குரூவில் அது 17 சதவீதம். ஜாயின்ட்டை முதலில் மெல்லிய கீறலாக வெட்டி, பிறகு இரண்டாவது வெட்டில் குரூவாக அகலப்படுத்துவார்கள். அகலப்படுத்தாமல் முதல் வெட்டோடு விட்ட 4 மி.மீ. கீறலில் அதே அசைவு 34 சதவீதம். பாலிசல்ஃபைடு வகைகளில் பல, அகலத்தில் 25 சதவீத அசைவைத் தாங்கும் என்ற கணக்கில்தான் விற்கப்படுகின்றன. முதல் குரூவில் அது நிற்கும், இரண்டாவதில் பிய்யும். குறைந்த விறைப்புள்ள சாலைச் சிலிகான், அகலத்தைப் போல இன்னொரு மடங்கு விரியவும் பாதியாகச் சுருங்கவும் தாங்கும்.

இதில் இன்னொரு சங்கதி. புதுச் சாலையில் எல்லா ஜாயின்ட்டும் ஒரே நேரத்தில் அடிவரை விரிசல் விட்டு வேலை செய்யத் தொடங்காது. ஆரம்பத்தில் மூன்று நான்குக்கு ஒன்றுதான் திறக்கும். நடுவில் இருப்பவை ஒட்டியபடியே கிடக்க, அத்தனை ஸ்லாபின் சுருக்கமும் அந்த ஒன்றில் போய்ச் சேரும். அந்த ஜாயின்ட் கணக்கில் வந்ததைவிட இரண்டு மூன்று மடங்கு விரியும். அவசரப்பட்டு பதினைந்தாம் நாளே சீலன்ட் ஊற்றியவர்கள் சில ஜாயின்ட்டில் மட்டும் பிய்ந்துபோய் நிற்பதைப் பார்த்துப் பொருளைக் குறை சொல்வார்கள். காத்திருக்காததுதான் குறை.

வடிவம்

இதுவும் எல்லாப் பொருளுக்கும் பொது. சீலன்ட் குரூவின் இரண்டு சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக் கூடாது. ரப்பர் பேண்டை இரு கையாலும் இழுத்தால் சுலபமாக நீளும். அதையே முழு நீளத்துக்கும் மேசையில் ஒட்டிவிட்டு இழுத்தால் அறுந்துதான் போகும். அடியில் ஒட்டாமல் இருப்பதற்குத்தான் பேக்கர் ராட் என்ற நுரைக் கயிறு. குரூவின் அகலத்தைவிடக் கால் பங்கு பெரியதாக வாங்க வேண்டும்: 8 மி.மீ. குரூவுக்கு 10 மி.மீ. கயிறு. அப்போதுதான் இறுக்கமாக நிற்கும், மேலே ஊற்றும் பொருள் கீழே ஒழுகாது. சூடான தார் ஊற்றுவதாக இருந்தால் சூடு தாங்கும் கயிறு வேண்டும். சாதாரணப் பாலிதீன் கயிறு அந்தச் சூட்டில் உருகி, கொப்புளம் கொப்புளமாக மேலே வரும்.

ஆழம் பொருளுக்குப் பொருள் மாறும். தாருக்கு அகலமும் ஆழமும் ஏறக்குறைய சமம். சிலிகானுக்கு ஆழம் அகலத்தில் பாதி போதும், ஆனால் 6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. ஆழமாக ஊற்றினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தலைகீழ். தடித்த சிலிகான் நீள மறுக்கும், சுவரைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

சூடான தார்

ரப்பர் கலந்த தாரைக் காய்ச்சி ஊற்றுவது. நம் நாட்டுத் தரக்குறி ஐ.எஸ். 1834. ஊர் ஊராகப் போடும் சிமென்ட் ரோட்டில் பார்ப்பது பெரும்பாலும் இந்த வகைதான், அல்லது ரப்பரே கலக்காத வெறும் தார்.

விலை குறைவு. ஆறியவுடன் வண்டி விடலாம், ஒரு மணி நேரத்துக்குமேல் காத்திருக்க வேண்டியதில்லை. பிய்ந்த இடத்தில் சுத்தம் செய்து திரும்ப ஊற்றலாம், பழையதும் புதியதும் ஒட்டும். இந்தக் கடைசிக் குணத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சிமென்ட் ரோடும் தார் ஷோல்டரும் சேரும் நீளவாக்கு ஜாயின்ட்டில் தாரைத் தவிர வேறு எதையும் நான் எழுத மாட்டேன். ஒரு பக்கம் கான்கிரீட், இன்னொரு பக்கம் தார் என்று இருக்கும் இடத்தில் மற்றவை தார்ப் பக்கத்தில் சரியாகப் பிடிப்பதில்லை.

பலவீனம் வெயில். சித்திரையில் இளகி டயரில் ஒட்டி இழுபடும், மார்கழியில் விறைக்கும். நாலைந்து கோடை தாண்டினால் எண்ணெய்ப் பசை வற்றி மேலே வெடிப்பு விடும். மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். டீசல் சிந்தினால் கரைந்துபோகும்.

இன்னொரு பலவீனம் காய்ச்சுவதில் இருக்கிறது. தகர டிரம்மைக் கல் மேல் தூக்கி வைத்து அடியில் விறகு எரித்தால், அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது இளகியே இருக்காது. ரப்பர் ஒரு முறை கருகிவிட்டால் நீங்கள் காசு கொடுத்தது வெறும் தாருக்குத்தான். இரட்டைச் சுவருக்குள் எண்ணெய் சூடாகி, அந்தச் சூட்டில் தார் உருகும் கெட்டிலும், உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். சூடு பெரும்பாலும் 180 டிகிரியை ஒட்டி வரும், மூட்டையில் தயாரிப்பாளர் அச்சடித்திருக்கும் எண்தான் சட்டம். மிச்சம் இருந்ததை நாளைக்கு மறுபடி காய்ச்சலாம் என்று வைக்கக் கூடாது.

பாலிசல்ஃபைடு

இரண்டு டப்பாவில் வரும். ஒன்றில் அடிப்பொருள், இன்னொன்றில் இறுக வைக்கும் பொருள். தரக்குறி ஐ.எஸ். 12118, சாலைக்கும் விமானத் தளத்துக்கும் ஊற்றும் வகைக்கு பிரிட்டன் தரமான பி.எஸ். 5212-ஐயும் டெண்டர்களில் பார்க்கலாம். இதன் பெரிய பலம் எண்ணெயையும் எரிபொருளையும் தாங்குவது. பெட்ரோல் பங்க், பஸ் டிப்போ, டோல் பிளாசா, லாரி நிறுத்தும் யார்டு, விமானம் நிற்கும் தளம் போன்ற இடங்களுக்கு இதற்கு இணை சொல்வது கடினம். சிலிகான், எரிபொருள் பட்டால் ஊதி, அது ஆவியானபின் பழைய நிலைக்குத் திரும்பும். எப்போதாவது சிந்தினால் தாங்கும், நாள் முழுக்க ஊறினால் தாங்காது.

கலப்பதில்தான் பாலிசல்ஃபைடு தோற்கிறது. டப்பாவைப் பாதி பாதியாகக் கண்ணளவில் எடுத்துக் கலப்பார்கள். குச்சியால் நாலு சுற்றுச் சுற்றுவார்கள். ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருப்பது கலக்காமலே போய்விடும். அது ஊற்றப்பட்ட இடத்தில் ஆறு மாதம் கழித்து விரலை வைத்தால் களிம்பு மாதிரி ஒட்டும். முழு செட்டையும் ஒரே தடவையில், மெதுவாகச் சுற்றும் டிரில்லில் பேடில் மாட்டி, நிறம் கீற்று இல்லாமல் ஒன்றாகும்வரை, ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்க வேண்டும். கலந்தபின் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் வெயிலில் சட்டென்று குறையும். மதியம் பன்னிரண்டு மணிக்கு இரண்டு செட் கலந்து வைத்துக்கொண்டு, அப்புறம் பேக்கர் ராட் தேடினால் இரண்டாவது டப்பா வாளியிலேயே இறுகிவிடும். சுவருக்குப் பிரைமர், அதாவது பிடிப்புக்காக முன்னதாகத் தடவும் பூச்சு, வேண்டும். வண்டி விட ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

போக்குவரத்தை ஒரு நாள் நிறுத்த முடியாத நகர வீதிக்கு இது ஒத்துவராது. யார்டில் பிரச்சினை இல்லை, பாதி பாதியாகச் செய்யலாம்.

சிலிகான்

சாலைக்கென்று செய்த சிலிகான் வேறு, ஹார்டுவேர் கடையில் கண்ணாடி ஒட்டக் கொடுக்கும் சிலிகான் வேறு. இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டையும் ஒன்றாக நினைத்து மாற்றி அடித்த வேலைகளைப் பார்த்திருக்கிறேன். பிதுக்கியவுடன் வினிகர் வாசனை மூக்கில் ஏறினால் அந்த டியூப்பைக் கீழே வையுங்கள். அதிலிருந்து வருவது அசிட்டிக் அமிலம். கான்கிரீட்டோ காரத் தன்மை உள்ளது. இரண்டும் சேர்ந்தால் ஒட்டும் இடமே கெட்டுப்போகும். சாலைக்கு வேண்டியது அமில வாசனை இல்லாத, குறைந்த விறைப்புள்ள வகை. அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். டி 5893-ஐ டெண்டரில் எழுதிவிட்டால் குழப்பம் குறையும்.

கலக்க வேண்டியதில்லை, காய்ச்ச வேண்டியதில்லை. காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து மேலிருந்து கீழாக இறுகும், ஆகையால் சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் அருமையாக வேலை செய்யும். வெயில் இதை ஒன்றும் செய்வதில்லை. சுவர் சுத்தமாக இருந்து ஊற்றியது என்றால் பத்து வருடத்தை நெருங்கும்.

இரண்டு வகை உண்டு. தானே பரவி மட்டமாகும் வகை ஒன்று, ஊற்றினால் போதும். மற்றது பிதுக்கிய இடத்திலேயே நிற்கும், கரண்டியாலோ கட்டையாலோ அழுத்தி வழிக்க வேண்டும். அந்த அழுத்தம்தான் அதைச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. மேம்பால ஏற்றத்திலும் மலைச் சாலையிலும் தானே பரவுவதை ஊற்றினால் சரிவில் ஓடிக் கீழ் முனையில் குவியும். அங்கே இரண்டாவதுதான்.

சிலிகானை மட்டத்துக்கு நிரப்பக் கூடாது. 6 மி.மீ.யாவது உள்ளே தாழ்ந்திருக்க வேண்டும். டயர் தொட்டால் தேய்ந்து கிழிந்துவிடும். நிரம்ப ஊற்றினால்தான் வேலை சரியாகத் தெரியும் என்று மேஸ்திரியிடம் சொல்லும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் பொறுமையாக விளக்கித்தான் ஆக வேண்டும்.

விலை? லிட்டர் கணக்கில் பார்த்தால் தாரைவிடப் பல மடங்கு. ஆனால் லிட்டரில் பார்ப்பது தப்பு, மீட்டரில் பார்க்க வேண்டும். 8 மி.மீ. அகலத்தில் 6 மி.மீ. ஆழம் என்றால் ஒரு மீட்டருக்கு 48 மில்லிலிட்டர்தான். 600 மி.லி. சாசேஜ் (சிலிகான் அடைத்து வரும் நீளப் பை) ஒன்றில் 12 மீட்டர் போகும். அதே குரூவுக்குத் தார் 8 × 8, அதாவது 64 மில்லிலிட்டர். 7.5 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலை எடுத்துக்கொண்டால், குறுக்கு ஜாயின்ட் 222, அவற்றின் நீளம் 1,665 மீட்டர், நடு நீளவாக்கு ஜாயின்ட் 1,000 மீட்டர். மொத்தம் 2,665 மீட்டருக்குச் சிலிகான் 128 லிட்டர், தார் 171 லிட்டர். சேதாரம் தனி. இந்த 128 லிட்டர் விலையை ஒரு கிலோமீட்டர் கான்கிரீட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவா என்று யோசியுங்கள்.

பழைய தாரை எடுத்துவிட்டுச் சிலிகான் போட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுவரில் தார்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் சிலிகான் ஒட்டாது. சுரண்டி எடுத்தால் போதாது, கட்டரை விட்டு இரு பக்கமும் ஒன்றிரண்டு மி.மீ. புதுக் கான்கிரீட் தெரியும்வரை வெட்ட வேண்டும். அந்த வெட்டுக் கூலியையும் சேர்த்தால்தான் உண்மை விலை.

ரப்பர் பட்டை

தேன்கூடு மாதிரி உள்ளே அறை அறையாக இருக்கும் நியோப்ரீன் பட்டை. இது ஒட்டி நிற்பதில்லை, அமுங்கி நிற்கிறது. தன் அகலத்தில் 20-லிருந்து 50 சதவீதம் அமுங்கிய நிலையில் எப்போதும் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகையால் குரூவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு அகலமான பட்டையை வாங்கி, வழவழப்புப் பசை தடவி, மெஷினால் உள்ளே தள்ளுவார்கள். நன்றாக அமைந்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் இருக்கும்.

ஆனால் குரூவின் அகலம் முனைக்கு முனை ஒன்றாக இருக்க வேண்டும், ஓரம் எங்கும் உடைந்திருக்கக் கூடாது. தள்ளும்போது பட்டை இழுபட்டு நீண்டுவிட்டால் பின்னால் சுருங்கி மூலையில் இடைவெளி விழும். விமான ஓடுதளம் மாதிரி வெட்டும் ஆளும் மேற்பார்வையும் நேர்த்தியாகக் கிடைக்கும் இடத்துக்கு இது சரி. நம் ஊர்ச் சாலைக்கு நான் பரிந்துரைத்ததில்லை.

ஒன்றுமே போடாமல் விட்டால்?

இது சோம்பேறிக் கேள்வி இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலச் சாலைத்துறை, பல வருடம் சோதனைச் சாலைகளைக் கவனித்தபின், 1990-இல் ஜாயின்ட் அடைப்பதையே கொள்கையாக நிறுத்தியது. அடைத்த சாலைக்கும் அடைக்காத சாலைக்கும் செலவை நியாயப்படுத்தும் அளவு வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். அந்த முடிவை எதிர்ப்பவர்கள் இன்றும் உண்டு.

அவர்கள் அகல குரூவை வெட்டிவிட்டுத் திறந்து போடவில்லை. ஒற்றை வெட்டு, மெல்லிய கீறல், அவ்வளவுதான். கீறல் மெல்லிசாக இருந்தால் அதில் பெரிய கல் நுழைய முடியாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் என் வேலையையே மாற்றியது: அகலப்படுத்தி, மோசமாக அடைத்த ஜாயின்ட், அகலப்படுத்தாமலே விட்ட ஜாயின்ட்டைவிடக் கேடு. 8 மி.மீ. குரூவில் சீலன்ட் பிய்ந்துவிட்டால் அது தண்ணீருக்கு வாய்க்கால், ஜல்லிக்குத் தொட்டி. 3 மி.மீ. கீறலில் அந்த அளவு நடக்காது.

அதற்காக நம் ஊரில் எல்லாச் சாலையையும் திறந்து விடலாம் என்று சொல்ல வரவில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் கொட்டும் மழை, தண்ணீர் வெளியேறாத மண் ஷோல்டர், அளவுக்கு மீறிய பாரத்தோடு வரும் லாரி, இந்த மூன்றும் சேரும் இடத்தில் திறந்த ஜாயின்ட் தாங்காது.

சரி, யாருக்கு எது

கிராமத்துத் தெருவும் ஊராட்சிச் சாலையும் என்றால், இரண்டாவது வெட்டே வேண்டாம். ஒற்றைக் கீறலோடு நிறுத்துங்கள். காற்றடித்து, மெல்லிய தாரால் நிரப்புங்கள். 4 மி.மீ. கீறலில் தார் சில வருடத்தில் பிரியத்தான் செய்யும். மண்ணையும் பெரும்பகுதித் தண்ணீரையும் தடுத்தாலே போதும், பிரிந்தால் அடுத்த பராமரிப்பில் மறுபடி ஊற்றலாம். இப்படி மிச்சமாகும் பணத்தை ஓரத்துச் சாக்கடைக்கும் ஷோல்டர் சரிவுக்கும் போடுங்கள், சாலைக்கு அது அதிக ஆயுள் தரும்.

நெடுஞ்சாலை, நகரின் முக்கிய வீதி, கண்டெய்னர் லாரி ஓடும் துறைமுகச் சாலை என்றால் சிலிகான். ஒரு நிபந்தனை: சுத்தம் செய்யும் வேலையை டெண்டரில் தனி வரியாக எழுதி, தனி விலை போட்டு, தனியாக அளந்து பணம் கொடுக்க வேண்டும். சீலன்ட் விலைக்குள்ளேயே அடங்கும் என்று எழுதினால் காண்ட்ராக்டர் முதலில் கைவைப்பது அந்த வரியில்தான். அதைத் தவிர்க்க முடியாத அலுவலகமாக இருந்தால் சிலிகானை விட்டுவிட்டு நல்ல கெட்டிலோடு ரப்பர் தார் போடுவதே நேர்மையான தேர்வு. தோற்றாலும் செலவு குறைவு, திருத்துவது சுலபம்.

எண்ணெய் சிந்தும் இடத்துக்குப் பாலிசல்ஃபைடு. பெரிய டிப்போவில் வண்டி நிற்கும் பகுதிக்கு மட்டும் அதைப் போட்டு, ஓடும் பாதைக்குச் சிலிகான் போட்டாலும் சரிதான். ஒரே பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தனி வரியில் என்ன எழுதுவது

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 57 இந்த வேலைக்கென்றே உள்ள வழிகாட்டி, அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு களத்தில் நான் பிடிவாதமாகப் பார்ப்பது இவை.

முதல் கீறல் போட்ட அன்றே அதில் ஒரு கயிறோ பிளாஸ்டிக் பட்டையோ திணித்துவிட வேண்டும். அகல வெட்டு வரும்வரை மணலும் ஜல்லித் துணுக்கும் அதில் இறங்கக் கூடாது. அகல வெட்டு போட்டவுடனே, சிமென்ட் பால் ஈரமாக இருக்கும்போதே, பிரஷர் தண்ணீரால் அடித்துக் கழுவ வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்றால் அதற்குள் காய்ந்து சுவரோடு சுவராகிவிடும். நன்றாகக் காய்ந்தபின் சான்ட் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிச் சுவரைத் தேய்ப்பது. நாசிலை நேராக நீட்டினால் குரூவின் அடிதான் சுத்தமாகும். சாய்த்துப் பிடித்து, ஒரு நடையில் ஒரு சுவர், திரும்பி வரும்போது மறு சுவர்.

கடைசியாகக் காற்று. பழைய கம்ப்ரஸர் காற்றோடு எண்ணெயையும் துப்பும். ஓட விட்டு, நாசில் முன்னால் ஒரு வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடியுங்கள். துணியில் மஞ்சளாகப் புள்ளி விழுந்தால் அந்தக் கம்ப்ரஸரைக் குரூவுக்குப் பக்கத்தில் விடக் கூடாது. பிறகு ஒரு கறுப்புத் துணியை விரலில் சுற்றிக் குரூவின் சுவரில் ஒரு அடி தூரம் இழுங்கள். துணியில் வெள்ளை படிந்தால் மறுபடி பிளாஸ்டிங். நான் போகும் வேலைகளில் இந்தக் கறுப்புத் துணியை மேஸ்திரியின் கையிலேயே கொடுத்துவிடுவேன். இரண்டு நாளில் அவரே, சார் இது ஆகாது, இன்னொரு தடவை அடிக்கணும் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

காலம் என்றால் தை, மாசி. மழை முடிந்து ஸ்லாப் காய்ந்திருக்கும், வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது, ஜாயின்ட் நடுத்தர அகலத்தில் இருக்கும். சித்திரை மதியத்தில் ஜாயின்ட் சுருங்கியிருக்கும்போது ஊற்றினால் அது வாழ்நாள் முழுக்க இழுபட்டே கிடக்கும். தையிலும் விடியற்காலையில் தொடங்கக் கூடாது. பனி குரூவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஈரமாகப் படிந்திருக்கும். ஒன்பது, பத்து மணி ஆகட்டும்.

சிலிகான் போட்டு மூன்று வாரம் கழித்து, அங்கங்கே இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு முனையையும் இரு பக்கத்தையும் பிளேடால் அறுத்து, நாக்கு மாதிரி தொங்கும் துண்டைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அறுக்காத பகுதி சுவரை விடாமல், துண்டு மட்டும் நீண்டு நீண்டு வந்தால் வேலை சரி. சுவரிலிருந்து கழன்று வந்தால் அன்று போட்ட நீளம் முழுக்க மறுபடி. அறுத்த இடத்தில் புதுச் சிலிகானை விட்டு மூடிவிடலாம், சிலிகானோடு சிலிகான் ஒட்டும்.

அப்புறம், முதல் பெருமழைக்கு அடுத்த நாள் காலையில் ஒரு சாக்பீஸோடு சாலையில் நடந்துவிட்டு வாருங்கள். ஸ்லாப் எல்லாம் வெளுத்துக் காய்ந்தபின்னும் சில ஜாயின்ட் மட்டும் இரு பக்கமும் கறுத்த ஈரக் கோடாக நிற்கும். அவற்றில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அவற்றின் எண்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த தையில் அந்த ஜாயின்ட்களை மட்டும் திறந்து செய்தால் போதும்.